"மனசிலாச்சா?" என்று கேட்டால் போதாது

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். மலையோரத்து ஊரிலிருந்து ஒரு பாட்டி ஓ.பி.க்கு வந்திருந்தார். "ஒரு மாசமா ஒரே இளைப்பு டாக்டரே" என்றார். டாக்டர் வட மாவட்டத்துக்காரர், படிப்பை முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. நல்ல மனிதர், சிரித்த முகம். "எத்தனை கிலோ குறைஞ்சிருப்பீங்க பாட்டி?" என்று அன்பாகத்தான் கேட்டார். பாட்டிக்குக் கேள்வி பிடிபடவில்லை. டாக்டர் கேட்கிறாரே, இல்லை என்றால் கோபிப்பாரோ என்று "கொறஞ்சிருக்கும்" என்றார். சர்க்கரைக்கு ரத்தம், டி.பி.க்குச் சளி என்று எழுதிக் கொடுத்து அனுப்பியாயிற்று.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் இளைப்பு என்றால் மூச்சு வாங்குவது. மெலிவதற்கு வேறு சொல் இருக்கிறது.

மூன்றாம் நாள் பாட்டி திரும்பி வந்தபோது இரண்டு காலும் வீங்கியிருந்தன. அன்று பணியில் இருந்த மூத்த சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிய?" பாட்டி சொன்னார்: "எங்க மக்ளே படுக்கது? படுத்தா மூச்சு முட்டும். செவுத்துல சாஞ்சு இருந்துதான் உறங்குவேன்." இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. பாட்டி பிழைத்துவிட்டார். மூன்று இரவு வீணாய்ப் போனது மட்டும் போனதுதான்.

அந்த டாக்டர் கடுகடுப்பானவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை. அவர் இனிமையாகப் பேசினார், பாட்டி என்று அழைத்தார், முகம் பார்த்துச் சிரித்தார். இவ்வளவு இருந்தும் பேச்சு போய்ச் சேரவில்லை. நோயாளியிடம் பரிவாகப் பேசுவது என்றவுடன் குரலைத் தணித்து "அம்மா, ஐயா" போட்டுப் பேசுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதற்குப் பெயர் மரியாதை. அது இல்லாமல் எதுவும் தொடங்காது, சரி. ஆனால் நோயாளி சொன்னது நமக்கு வந்து சேர்ந்ததா, நாம் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். நர்சிங் படிக்கும் பிள்ளைகள், ஹவுஸ் சர்ஜன்கள், மருந்து எடுத்துக் கொடுப்பவர்கள், சீட்டு எழுதும் கவுண்டரில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே 2019 முதல் நெறிமுறையும் நோயாளியோடு பேசுவதும் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எங்கள் காலத்தில் இதெல்லாம் மூத்த சிஸ்டர்களிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது.

முதலில் கேட்பது. 1984ல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து டாக்டர் குறுக்கே புகும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒலிப்பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். சராசரியாக 18 வினாடி. சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கேட்டால் எல்லா டாக்டர்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "விட்டா அரை மணி நேரம் பேசுவாங்க சிஸ்டர், வெளியே நூறு பேர் நிக்கிறாங்க." அதையும் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டார்கள். சராசரியாக 92 வினாடியில் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். பத்தில் எட்டுப் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். 2002ல் வெளியான ஆய்வு அது.

பாஸலில் பேசுகிறவர்களும் நம் தூத்தூர், குளச்சல் பக்கம் பேசுகிறவர்களும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் ஆட்கள் வயிற்றுவலியைச் சொல்வதற்கு முன் பேத்தி கல்யாணத்தைச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கல்யாணத்தில்தான் வலி தொடங்கியிருக்கும். இரண்டு நிமிடம் கையில் பேனாவை எடுக்காமல், கம்ப்யூட்டரைப் பார்க்காமல் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி பாதியாகக் குறைந்திருக்கும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "நெஞ்சு வலிக்குதா?" என்றால் ஆமாம், இல்லை என்று இரண்டு பதில்தான் வரும். "என்ன செய்யுது, சொல்லுங்க" என்று அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுக்க வேண்டும். உடம்புச் சொற்களில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருப்பதால், அவர் சொன்ன சொல்லையே திருப்பிக் கேட்பது நல்லது. "இளைப்புன்னா எப்படி? என்ன செய்யும்போது வருது?" கிறுகிறுப்பு, தளர்ச்சி, கடுப்பு, குத்தல், வாயு எதுவானாலும் இதே கேள்விதான். வெளியூர் மருத்துவர் எங்கள் மாவட்டத்துக்குப் புதியவரல்ல. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவர் வைத்தியம் தொடங்கியது 1838ல். கடல் கடந்து வந்தவர்கள் தங்களுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தே வந்தார்கள். தமிழ் தெரிந்த நமக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரே சொல்லைப் பேசுவதால் ஒரே பொருளைத்தான் பேசுகிறோம் என்று நம்பிவிடுகிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துக்குப் போகும் நம் நோயாளிகளுக்கும் இதே சிக்கல். மலையாளம் புரியும் என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "என்னத்த சொன்னாரு?"

இன்னொன்று, வர்ம ஆசான்கள். இந்த மாவட்டத்தில் எலும்பு பிசகினாலும் முதுகு பிடித்தாலும் முதலில் ஆசானிடம் போவது சாதாரணம். எண்ணெய், கட்டு, கஷாயம் எல்லாம் பார்த்த பிறகுதான் நம்மிடம் வருவார்கள். "கண்டவன்கிட்டயும் போயிட்டு கடைசியில இங்க வருவீங்க" என்று ஒரு தடவை திட்டிவிட்டால், அடுத்த முறை வருவார், ஆனால் சொல்லமாட்டார். குடிக்கும் கஷாயத்தை மறைத்துவிட்டு நம் மாத்திரையையும் சேர்த்து விழுங்குவார். எனக்குப் பழகிப்போன கேள்வி இது: "இதுக்கு முன்னாடி யாருகிட்ட காட்டினிய? அவங்க என்ன குடுத்தாங்க? எண்ணெயா, குடிக்கவும் ஏதாவது உண்டா?" போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டே கேட்பதால் மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போகிறது.

பேச்சைத் தொடங்குமுன் நம் பெயரைச் சொல்வது என்று ஒன்று உண்டு. சின்ன விஷயமாகத் தோன்றும். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர் தானே புற்றுநோயாளியாகி 2013ல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தன்னைத் தொட்டு வைத்தியம் செய்கிறவர்களில் பலர் யாரென்றே சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். "ஹலோ, மை நேம் இஸ்" என்று அவர் தொடங்கிய இயக்கம் அந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் முழுக்கப் பரவியது. 2016ல் அவர் காலமானார். நம் வார்டில் வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரும் டாக்டர், மற்றப் பெண்கள் எல்லோரும் சிஸ்டர். ஊசி போட வந்தவர் யார், ரத்தம் எடுக்க வந்தவர் யார் என்று நோயாளிக்குத் தெரியாது. கூப்பிடும் முறையும் அப்படித்தான். நரை கண்டவுடன் பாட்டி, பாட்டா என்று கூப்பிடுவது நம் வழக்கம், பெரும்பாலானோருக்கு அது பிடிக்கவும் செய்யும். ஆனால் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்றவர் அந்தக் கட்டிலில் கிடந்தால், "டீச்சர்" என்ற ஒரு வார்த்தைக்கு முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

இனி, நாம் சொல்வது அவருக்குப் போய்ச் சேர்வது. அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, ஏறத்தாழ 92 சதவீதம். இதனாலேயே எங்களுக்கு ஒரு மெத்தனம். எல்லோரும் படித்தவர்கள், சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று. மாத்திரைக் கவரில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதிக் கொடுத்ததை ஒருவர் படித்துவிட்டு, "நூத்தியொண்ணு மாத்திரையா சிஸ்டர், கவருக்குள்ள பத்துதான இருக்கு?" என்று கேட்டார். அவர் எழுத்தறிவில் ஒரு குறையும் இல்லை. "ரிசல்ட் பாசிட்டிவ்" என்றதும் நல்ல சேதி என்று சாமிக்கு நேர்ச்சை முடிக்கப் போனவரும் உண்டு.

"சீனி சேர்க்காதீங்க" என்போம். சீனியை விட்டுவிடுவார். கருப்பட்டிக் காப்பி இரண்டு வேளையும் தொடரும், கருப்பட்டி சீனி இல்லையே. உப்பைக் குறைக்கச் சொன்னால் கறியில் குறைத்துவிட்டு, கருவாட்டையும் ஊறுகாயையும் கணக்கில் சேர்க்கமாட்டார். இதற்கு நேர்மாறாக ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "மரச்சீனியும் சீனிதானா?" எங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்குக்குப் பெயர் மரச்சீனி. சிரிக்க இருந்தேன். யோசித்தால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. முழுக்க மாவுச்சத்து அது, ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் மாறும். அந்த அம்மா கேட்டார். கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குலசேகரம் பக்கம். சர்க்கரைக்குப் புதிதாக இன்சுலின் தொடங்கியிருந்தார்கள். "காலையில சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டுக்கணும், மனசிலாச்சா?" "மனசிலாச்சு சிஸ்டர்." கேட்டதும் நான்தான், கேட்டு நிம்மதியாகப் போனதும் நான்தான். பத்து நாளில் ரப்பர் மரத்தடியில் வியர்த்து, கை நடுங்கி விழுந்துகிடந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது.

ரப்பருக்குப் பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறுவதற்கு முன்னால்தான். அதனால் நான்கு மணிக்கு எழுந்து, கட்டன் சாயா குடித்துவிட்டு, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். வெட்டு முடிந்து வந்து கஞ்சி குடிக்க ஒன்பது ஆகும். என் "காலை" எட்டு மணி, அவருடைய "காலை" நான்கு மணி. எழுந்ததும் ஊசி போட்டுவிட்டு, ஐந்து மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் மரத்துக்கு மரம் நடந்திருக்கிறார். அவர் சொன்னபடி கேட்காத நோயாளி அல்ல, அப்படியே கேட்டவர்.

"மனசிலாச்சா?" என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. இல்லை என்று சொன்னால் தனக்கு அறிவில்லை என்றாகும், அல்லது சொன்னவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றாகும். இரண்டுமே மரியாதைக் குறைவு. எனவே தலை தானாக ஆடும். இதற்கு மாற்றாக ஒரு முறை இருக்கிறது: சொல்லி முடித்ததும் அவரையே திருப்பிச் சொல்லவைப்பது. பரீட்சை மாதிரி "எங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றால் மனிதர் சுருங்கிவிடுவார். பழியை நம் பக்கம் வைத்துக் கேட்க வேண்டும். "நான் நிறையச் சொல்லிட்டேன், சரியாச் சொன்னேனான்னு தெரியல. வீட்டுல அக்கா 'எப்படிப் போடணும்'னு கேட்டா என்ன சொல்லுவிய?" அந்தத் தொழிலாளியிடம் இப்படிக் கேட்டிருந்தால் "நாலு மணிக்கு எந்திச்சதும் போடணும்" என்று அவர் வாயாலேயே வந்திருக்கும். அப்போதே டாக்டரிடம் சொல்லி நேரத்தை அவர் வேலைக்குத் தக்க மாற்றியிருக்கலாம். பிறகு அப்படித்தான் மாற்றினோம். மடியில் எப்போதும் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளவும் சொன்னோம்.

டாக்டர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்று 2003ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. நினைவில் நிற்பதிலும் ஏறத்தாழப் பாதியளவு தப்பாக இருக்கிறதாம். ஆகவே ஒரே மூச்சில் பத்து விஷயம் சொல்லாமல், முக்கியமான இரண்டு மூன்றைச் சொல்லி, திருப்பிக் கேட்டு, அப்புறம் அடுத்ததற்குப் போவது நல்லது. அவர் பிழைப்பையும் கேட்டுவிட வேண்டும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் ஒரு தடவை படகேறினால் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும் திரும்ப. அவருக்கு முப்பது நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று திட்டினால் என்ன அர்த்தம்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட வசதி. காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்த, பிரிக்காத மாத்திரை அட்டை அவர்கள் கண்ணில் பட்டுவிடும். அதைப் பார்த்ததும் "ஏன் சாப்பிடல?" என்று பாயாமல், "இதைச் சாப்பிட்டா என்ன செய்யுது?" என்று கேட்டால் காரணம் வெளியே வரும். தலை சுற்றியிருக்கும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் கிட்னி போய்விடும் என்று சொல்லியிருப்பார்.

கஷ்டமான பேச்சுக்கு வருவோம். அழுகிறவரிடம் என்ன சொல்வது என்று மாணவிகள் கேட்பார்கள். "கவலைப்படாதீங்க", "எல்லாம் சரியாயிடும்" இரண்டையும் முதல் ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள் என்பேன். நல்ல மனதோடுதான் சொல்கிறோம், ஆனால் அந்த வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும். கவலைப்படாதே என்று சொன்னவரிடம் போய் யாரும் கவலையைச் சொல்லமாட்டார்கள். பேசாமல் பக்கத்தில் உட்காரலாம். "பயமா இருக்கா?" என்று கேட்கலாம். கடவுளைப் பற்றிய பேச்சு, கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கும் இந்த ஊரில், நோயாளி எடுத்தால் கூடவே நிற்கலாம். பதில் தெரியாத நேரத்தில் தப்பிக்க நாமாக எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை 2000ல் வெளியானது, புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்தது. தனி இடம் பார்த்து உட்கார்வது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொல்லில் சொல்வது, அவர் மனம் கலங்குவதற்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவது. நம் ஊரில் முதல் படியிலேயே தடுக்கும். தனி இடம் ஏது? ஓ.பி.யில் பின்னால் நிற்பவர் சொந்தக்காரராகவோ அதே தெருக்காரராகவோ இருப்பார். மார்பில் கட்டி என்ற சேதி அந்த அம்மா பஸ் ஏறுமுன் ஊருக்குப் போய்விடும். திரையை இழுத்துவிடுவதற்குப் பணம் செலவில்லை.

மூன்றாவது படியில் இன்னொரு சிக்கல் காத்திருக்கும், மகன். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்வார்: "அப்பாகிட்ட சொல்லிராதிய, தாங்கமாட்டாரு." சட்டம் பேசி அவரைத் தள்ளிவிட்டால் பயனில்லை, அவர்தான் நாளைக்கு மருந்து வாங்கிக் கொடுப்பவர். "அப்பா தெரிஞ்சுகிட்டா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். பொய் சொல்லமாட்டோம், அவர் கேட்காததைத் திணிக்கவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் கேட்கலாம்: "இந்த நோவைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறிய?" அநேகமாக அவருக்குப் பாதி தெரிந்திருக்கும். சில பேர், "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், மவன்கிட்ட பேசிக்கிடுங்க" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். ஆனால் அவரைக் கேட்டு எடுத்ததாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான் எப்போதும் இப்படித்தான் பேசினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இரவுப் பணி, இரண்டு வார்டுக்கும் நான் ஒருத்திதான். தாய்க்குத் துணையிருந்த ஒரு பெண் நான்காவது முறையாக வந்து, "சிஸ்டர், டிரிப் தீரப்போகு" என்றார். இன்னும் கால் பாட்டிலுக்கு மேல் இருந்தது. "எனக்கு வேற வேலை இல்லையா? போய் இருங்க, நான் வருவேன்" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

விடிந்ததும் அவரிடம் போய், "ராத்திரி நான் பேசினது தப்பு" என்றேன். அவர் பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் வந்தது. பாட்டில் காலியானால் குழாய் வழியாகக் காற்று ஏறி நெஞ்சை அடைத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க அவர் கண் மூடவில்லை. குழாயைக் காட்டினேன். பாட்டில் உயரத்தில் இருப்பதால்தான் மருந்து இறங்குகிறது, காலியானதும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் அப்படியே நின்றுவிடும், உள்ளே இருக்கும் ரத்தத்தின் அழுத்தமே அதைத் தாங்கிக்கொள்ளும், காற்று தானாக இறங்காது என்று சொன்னேன். ஊசி அடைபடாமல் இருக்கத்தான் கூப்பிடச் சொல்கிறோம், இந்தக் கோடு வரும்போது கூப்பிட்டால் போதும் என்று பாட்டிலில் பேனாவால் ஒரு கோடும் போட்டேன்.

அன்று ராத்திரி அவர் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார், கோடு வந்தபோது. நான் போகும்போது, பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் அவர் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக் காட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார்.